அறுபது சுற்று அதிகம்

"ஐஸ் கம்பெனில காஸ் கசியுதுங்க. உள்ள பத்துப் பேர் இருக்காங்க. என் வீட்டுக்காரரும் இருக்காரு. சீக்கிரம் வாங்க."

விசாரணைக் கூடத்தின் ஒலிபெருக்கியில் ஜமீலாவின் குரல் வந்தது. ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரியான குரல். அழுகை இல்லை. பதற்றம் இல்லை.

விசாரணை அதிகாரி பத்மநாபன் கையை உயர்த்தி ஒலியை நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, இது உங்க குரல்தானே?"

"என் குரல்தாங்க. ஆனா நான் இப்படிப் பேசலை. கத்துனேன். என் காதே அடைச்சுப் போற மாதிரி கத்துனேன்."

"கம்பிக் குரல் பொய் சொல்லாது. நாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க. நாலும் எட்டாம் தரம். கட்டின புருஷன் உள்ளே மூச்சு முட்டிக்கிட்டிருக்கும்போது ஒரு பொம்பளை இவ்வளவு நிதானமாவா பேசுவா? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது மனஸ்தாபமா?"

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தமயந்திக்குக் காது மடல்கள் கொதித்தன. ஜமீலா அவளுக்குப் பக்கத்து வீடு. நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவர் வழியாகப் பன்னிரண்டு வருஷமாக அந்தத் தம்பதியின் சிரிப்பும் சண்டையும் அவளுக்குத் தெரியும். ஜமீலாவின் கணவன் கவுஸ் பாஷா இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. இத்தா என்கிற துக்கக் காலம் கூட முடியாத ஒரு பெண்ணைச் சபையில் உட்கார வைத்து, அத்தனை ஆண்கள் முன்னால் கேட்கிற கேள்வியா இது?

அவள் எழுந்து கத்தியிருப்பாள். ஆனால் அதே நொடியில் வேறொன்று அவளை உறுத்தியது. அந்த ஒலிப்பதிவில், முதல் சொல்லான 'ஐஸ்' மட்டும் உரக்க இருந்தது. அடுத்த சொல்லிலிருந்து, படியிறங்குவது போலக் குரல் இறங்கியது. இந்த இறக்கத்தை எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே?

இரண்டாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு அது. யாருடைய குரலை வேண்டுமானாலும் யாரும் செய்துகொள்ளலாம் என்றாகிப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. அமைச்சரின் குரலில் மிரட்டல் வந்தது; செத்துப்போன மாமனார் குரலில் சொத்துத் தகராறு வந்தது. செல்போனில் வரும் எந்தக் குரலையும் ஆஸ்பத்திரியோ தீயணைப்போ நம்பவில்லை. கடைசியில் பழைய செம்புக் கம்பிக்கே திரும்பினார்கள். ஒரு மனிதன் நேரில் நின்று, கம்பித் தொலைபேசியில் பேசினால்தான் அது குரல். மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று சட்டம் வந்தது. இதற்கென்றே குரல் வாரியம் என்று ஒன்று முளைத்தது. தெருவுக்குத் தெரு ஒரு கூண்டு, அதற்குள் ஒரு தொலைபேசி, கூண்டுக்குப் பொறுப்பாகத் தெருவில் ஒருவர். ஆபத்து என்றால் அவர்தான் உடனே அழைக்க வேண்டும். அழைப்பை ஓர் இயந்திரம் கேட்டு, ஒன்று முதல் ஒன்பது வரை தரம் பிரிக்கும். ஒன்றாம் தரத்துக்கு அடுத்த நிமிஷமே வண்டி கிளம்பும். எட்டாம் தரத்துக்கு நாலு மணி நேரம்.

மீனவர் குடியிருப்பான காசிமேட்டில், ஐஸ் கம்பெனி இருந்த தெருவின் கூண்டுக்கு ஜமீலா பொறுப்பாளர். வண்டி வந்தபோது ஐஸ் கம்பெனிக்குள் மூன்று பேர் இறந்திருந்தார்கள். 'கடமையில் அசட்டை' என்று அவள் மேல் வழக்கு. நிரூபணமானால் மூன்று வருஷம் சிறை.

தமயந்தி அம்பத்தூரில் ஒரு காயில் கம்பெனியில் வேலை பார்த்தாள். காயில் என்றால் தொலைபேசிகளுக்குள் வைக்கிற, செம்புக் கம்பி சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதைச் சோதித்துத் தேற்றுகிற வேலை. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பதினான்கு மேஜைகள், பதினான்கு பெண்கள். எல்லாவற்றுக்கும் கடைசிக் கையெழுத்து தமயந்தியுடையது. மீட்டரில் அளந்த பிறகு, ஒவ்வொரு காயிலையும் சோதனைத் தொலைபேசியில் மாட்டி, ரிசீவரைக் காதில் வைத்து ஒரு வாக்கியம் பேசிப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு வாக்கியம் வைத்திருந்தார்கள். தமயந்தியுடையது, "வஞ்சிரம் கிலோ என்ன விலை?"

மறுநாள் காலை மேனேஜர் முகுந்தன் ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்குள் வந்தார்.

"மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இது மீன் மார்க்கெட் சார். பதினாலு பேரும் போட்டி போட்டுக் கத்துவாங்க. இப்போ பாருங்க, லைப்ரரி மாதிரி! எல்லாம் நம்ம டிசிப்ளின்."

தமயந்தியின் கை அப்படியே நின்றது.

மூன்று வருஷம். 'பி லாட்' என்ற புது வகைக் காயில் வந்தும் மூன்று வருஷம்தான்.

அவள் பழைய வகையான ஏ லாட் தட்டிலிருந்து ஒரு காயிலை எடுத்து மாட்டினாள். ரிசீவரைக் காதில் வைத்தாள். "வஞ்சிரம் கிலோ என்ன விலை?"

"கடலுக்கே போய்க் கேட்டுட்டு வாயேன்டி, இங்கேருந்து ஏன் கத்தறே?" என்றாள் பக்கத்து மேஜை பிரமிளா.

அதைக் கழற்றிவிட்டு, பி லாட்டிலிருந்து ஒன்றை மாட்டினாள். அதே வாக்கியம். அதே மாதிரிதான் பேசினோம் என்று அவளுக்குத் தோன்றியது.

பிரமிளா திரும்பிப் பார்த்தாள். "என்ன திடீர்னு ரகசியம் பேசறே? யாருடி அது லைன்ல?"

ஜமீலாவின் குரல் படியிறங்கியதை எங்கே கேட்டோம் என்று தமயந்திக்குப் புரிந்துவிட்டது. தினமும் எத்தனையோ தடவை, இதே ஹாலில், தன் வாயிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

விருந்தாளி போகும்வரை காத்திருந்து, முகுந்தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், பி லாட் காயில்ல ஒரு பக்கம் நானூத்திப்பத்து சுத்து, இன்னொரு பக்கம் நானூத்தெழுபது. எதுக்கு சார்?"

"அதான் டிராயிங்ல இருக்கே. நீதானே டிராயிங் தப்புன்னு மொதல்ல திருப்பி அனுப்பினே? வாரியத்திலேருந்து 'சரியே'ன்னு சீல் வெச்சு வந்துச்சே?"

"வந்துச்சு சார். எதுக்குன்னு கேக்கறேன்."

முகுந்தன் கெட்ட ஆள் இல்லை. தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத ஆள்.

"அந்த ஏரியாவுல ஜனங்க கூண்டுக்குள்ள போனாலே கத்தறாங்களாம்மா. கெட்ட வார்த்தை வேற. கத்தினா மெஷினுக்கு வார்த்தை புரியலையாம். தன் குரல் தன் காதுல பலமாக் கேட்டா, மனுஷன் தானா சத்தத்தைக் குறைச்சுக்குவான். அது உடம்போட சுபாவம். அதுக்குத்தான் அந்த அறுபது சுத்து. ஜனங்க மரியாதையாப் பேசுவாங்கன்னு ஒரு கமிட்டி முடிவு பண்ணுச்சு."

"எந்த ஏரியா?"

"காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் பக்கம். பி லாட் போற இடமெல்லாம்."

"ஏ லாட்?"

"அது பெசன்ட் நகர், அண்ணா நகர். அங்கெல்லாம் யாரும்மா கத்தப்போறாங்க?"

"அப்போ தரம் பிரிக்கிற மெஷின்?"

"அது வேற கமிட்டி, வேற டெண்டர். குரல்ல சத்தமும் பதற்றமும் கொறஞ்சா அவசரம் கொறைவுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஏன், என்ன விஷயம்?"

ஒரு கோப்பு மக்களை மெல்லப் பேச வைத்தது. இன்னொரு கோப்பு மெல்லப் பேசுகிறவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தியது. இரண்டு கோப்புகளும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடிகளில் இருந்தன. படி ஏறி இறங்க யாருக்கும் தோன்றவில்லை. இதற்கு நடுவே காசிமேட்டில் மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள்.

"விஷயம் ஒண்ணுமில்ல சார்" என்றாள் தமயந்தி. "மூணு பொணம்."

அன்று மாலை ஜமீலாவின் வீட்டில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் இலவச சட்ட உதவி வக்கீல் லூர்துமேரி. அவருக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஆனால் புரிந்துவிட்டால் பிறகு மறக்க மாட்டார்.

"எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க. டிரான்ஸ்ஃபார்மர்னா கரண்டுக் கம்பத்துல இருக்குமே, அதுவா?"

"இது அதோட குட்டிங்க மேடம். போன்ல நம்ம குரல் போறதும் எதிராளி குரல் வர்றதும் அதே ரெண்டு கம்பியிலதான். அப்போ நாம பேசறது நம்ம காதுக்கே திரும்பி வரும் இல்லையா? அது வராம தடுக்கத்தான் இந்தக் காயில். ரெண்டு பக்கமும் சமமாச் சுத்தியிருப்போம். நம்ம குரல் ரெண்டா பிரிஞ்சு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு எதிரெதிராத் தள்ளும். ரெண்டும் சமமா இருந்தா காதுல நம்ம குரல் லேசாத்தான் கேக்கும்."

"ஒரு பக்கம் அறுபது சுத்து ஜாஸ்தி இருந்தா?"

"தள்ளுறதுல ஒரு பக்கம் ஜெயிச்சுடும். நம்ம குரல் நம்ம காதுலயே பலமா வந்து விழும். கத்தறோம்னு நெனச்சுக்கிட்டே மெதுவாப் பேசிடுவோம்."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த ஜமீலா நிமிர்ந்தாள். "அதனாலதான் எனக்குக் காது அடைச்சுதா? நான் நெசமாவே கத்துனேன்னு நெனச்சேன். ஏன்டி கத்தலை, ஏன்டி கத்தலைன்னு நாப்பது நாளா நானே என்னைக் கேட்டுக்கிட்டிருக்கேன். அவரை நான்தான் கொன்னுட்டேனோன்னு..." அவள் குரல் உடைந்தது. பிறகு, மிக மெதுவாக, "அக்கா, நம்ம கூண்டுல இருக்குற காயிலை யாரு சரின்னு சொல்லி அனுப்புனது?"

இந்தக் கேள்வி வரும் என்று தமயந்திக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே பத்துவிதமான பதில் யோசித்திருந்தாள்.

"நான்தான். மொதல்ல தப்புன்னு திருப்பி அனுப்பினேன். சரின்னு சீல் வெச்சு வந்ததும் எதுக்குன்னு கேக்கலை. அதுக்கு மேல... கையால சுத்தும்போது அம்பத்தஞ்சு, அறுபத்தஞ்சுன்னு முன்னப்பின்ன வந்துச்சு. ஒண்ணு கூடக் கொறைய வராதபடி கச்சிதமா அறுபது வர்றதுக்கு நானே ஒரு அளவுக்கட்டை செஞ்சு குடுத்தேன். கம்பெனில எனக்குக் குக்கர் பரிசு குடுத்தாங்க."

லூர்துமேரி பேனாவை மூடினார்.

"வெளியே போக்கா" என்றாள் ஜமீலா.

"ஜமீலா..."

"மூஞ்சியப் பாத்தா எதாவது பேசிடுவேன். போயிடு."

வாசலில் லூர்துமேரி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க சாட்சி சொன்னா அவங்க தப்பிக்க வழி இருக்கு. ஆனா டிராயிங், பேப்பர் எல்லாம் போலின்னு தள்ளிடுவாங்க. சட்டப்படி கம்பிக் குரல் மட்டும்தான் சாட்சி. கூடத்துல இருக்கற கூண்டுல நின்னுதான் பேசணும். அதையும் மெஷின் தரம் பிரிக்கும். நாலாம் தரத்துக்குக் கீழே போனா 'உறுதியற்ற சாட்சி'ன்னு தள்ளிடுவாங்க. உங்க வேலையும் போயிடும். உங்க மேலயும் கேஸ் வரலாம்."

"வரட்டும் மேடம். கேக்காம இருந்ததுக்கு எதாவது வரத்தானே வேணும்."

விசாரணைக் கூடம் காசிமேட்டை ஒட்டிய தண்டையார்பேட்டையில் இருந்தது. மூலையில் கண்ணாடிக் கூண்டு. பத்மநாபன் மேஜைக்குப் பின்னால் பெரிய திரை. அதில் தரம் ஓடும். வாரியத்தின் சார்பில் ஸ்ரீவத்சன் என்ற இன்ஜினீயர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜமீலா தமயந்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தமயந்தி கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தாள். நெஞ்சுக்குள் நாலு நாளாகப் பொங்கிக்கொண்டிருந்த அத்தனையும் தொண்டைக்கு வந்தது.

"நான் தமயந்தி! அந்தத் தொலைபேசியோட காயிலைச் சோதிச்சவ நான்தான்!"

தன் குரல் தன் காதிலேயே இடி மாதிரி விழுந்தது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இதுவும் பி லாட். இதுவும் அவள் தேற்றி அனுப்பியதுதான். தண்டையார்பேட்டைக்கு வேறு எது வரும்?

தெரிந்தும் என்ன? "அதுல வேணும்னே..." என்று தொடங்கும்போதே குரல் இறங்கியது. இறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். "...வேணும்னே ஒரு பக்கம் சுத்து அதிகமா..." இன்னும் இறங்கியது. யாரோ முதுகைத் தடவி, மெல்லப் பேசும்மா, மெல்லப் பேசும்மா என்று சொல்கிற மாதிரி இருந்தது. சூத்திரம் தெரிந்தவளின் தொண்டையே இப்படி அடங்கிப் போகிறது என்றால், ஒன்றும் தெரியாத ஜமீலா என்ன செய்திருப்பாள்? வியாசர்பாடியில், எண்ணூரில், மூன்று வருஷமாக எத்தனை பேர் இந்தக் கூண்டுகளுக்குள் ஓடி வந்து, கத்துவதாக நினைத்துக்கொண்டு முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள்?

திரையில் ஐந்து. ஆறு. ஏழு.

ஸ்ரீவத்சன் உதட்டோரம் சிரித்தார். "சாட்சிக்கே தன் பேச்சில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது."

கண்ணாடி வழியே ஜமீலாவின் முகம் தெரிந்தது. அவள் இப்போது தமயந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் அன்றைக்கு எப்படிச் செத்தது என்பதை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிற முகம் அது.

தமயந்தி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். காதில் வைக்கிற பக்கத்தை அப்படியே உள்ளங்கையால் பொத்தினாள். வாய்ப் பக்கத்தை உதட்டருகே பிடித்துக்கொண்டாள். காதில் இப்போது எதுவும் இல்லை. வெறும் காற்று.

பிறகு அவள் பேசியது தெருவில் போன ஆட்டோக்காரர்களுக்குக் கூடக் கேட்டது.

"காசிமேட்டுக்காரன் கத்தினா உங்களுக்குக் காது வலிக்குதா? அதுக்கு அறுபது சுத்து சுத்தி வாயை அடைச்சீங்க! வாயை அடைச்சுட்டு, இவ ஏன் கத்தலைன்னு அவ தலையிலயே கேஸைப் போட்டீங்க! பெசன்ட் நகர்க் கூண்டுக்கு ஒரு காயில், எங்களுக்கு ஒரு காயில்! ரெண்டையும் இந்தக் கையாலதான் பிரிச்சு வெச்சேன்! பதினோராயிரம் காயில்! அந்த மூணு பேர் சாவுல எனக்கும் பங்கு இருக்கு, எழுதிக்குங்க! ஆனா ஜமீலாவுக்கு இல்ல!"

திரையில் எண்கள் தடதடவென்று குறைந்து ஒன்றில் வந்து நின்றன.

ஸ்ரீவத்சன் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். இது விதிமீறல். ரிசீவரைக் காதில் வைத்துத்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் எதிர்முனை சொல்வது அழைப்பவருக்கு எப்படிக் கேட்கும்?"

"எந்த எதிர்முனை?"

கேட்டது ஜமீலா. நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள்.

"நாலு தடவை கூப்பிட்டேங்க. 'என்னம்மா ஆச்சு'ன்னு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு மனுசக் குரல் கேட்டிருந்தா, நானே அழுதிருப்பேன். ஒரு குரலும் வரலை. மூணு வருஷமா அந்தப் போன்ல என் குரலைத் தவிர வேற என்ன கேட்டுச்சுன்னு இந்த சாரைச் சொல்லச் சொல்லுங்க."

பத்மநாபன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஸ்ரீவத்சன், உங்க மெஷின் அழைக்கிறவங்ககிட்ட ஏதாவது பேசுமா?"

"அது... அது கேட்கும் சார்."

"பேசுமா?"

"பேசாது சார்."

"அப்படீன்னா காதுல வைக்கிற பக்கம் எதுக்கு?"

ஸ்ரீவத்சன் தன் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். கூடமே அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு அவர் உட்கார்ந்துகொண்டார்.

ஜமீலா விடுவிக்கப்பட்டாள். 'மனஸ்தாபமா' என்று கேட்டதற்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அறிக்கையில் 'கருவியின் இயல்பான வரம்பு' என்று ஒரு சொற்றொடர் இருந்தது. கமிட்டி உறுப்பினர்கள் பெயர் ஒன்று கூட அதில் இல்லை. சோதனையாளர் என்று தமயந்தியின் பெயர் மட்டும் இருந்தது. கம்பெனி அவளை அந்த வாரமே அனுப்பிவிட்டது. பி லாட் காயில்களை 'படிப்படியாக' மாற்றப்போவதாக வாரியம் அறிவித்தது. இரண்டு மாதம் ஆகியும் முதல் படி எடுத்து வைக்கப்படவில்லை.

கவுஸ் பாஷா இறந்து நாலு மாதமும் பத்து நாளும் கழித்து, இத்தா முடிந்த மறுநாள் காலை, ஜமீலா தமயந்தியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அன்றைக்கு 'வெளியே போ' என்று அனுப்பியதற்குப் பிறகு அவள் தமயந்தியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"அந்தக் காதுப் பக்கத்து மூடியை எப்படிக் கழட்டறது?"

மன்னித்துவிட்டாளா என்று தமயந்தி கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

"இடது பக்கமாத் திருகு. உள்ள ரெண்டு ஒயர் இருக்கும். அதைப் பிடுங்கிட்டாப் போதும். வாய்ப் பக்கம் எப்பவும் போல வேலை செய்யும்."

"வா, காட்டு."

தெருத்தெருவாகப் போனார்கள். மீன் விற்கிற பெண்களும் ஐஸ் கம்பெனி ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மத்தியானத்துக்குள் முப்பத்தேழு கூண்டுகள். கழற்றிய காதுப் பக்கங்களையெல்லாம் ஒரு மீன் கூடையில் போட்டு, ஜமீலாவே தலையில் சுமந்துகொண்டு வாரியத்துக்குப் போனாள். காவலாளி தடுத்தான். கூட வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டான்.

மூன்றாவது மாடியில் ஸ்ரீவத்சன் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஜமீலா கூடையை அவர் மேஜை மேல் கவிழ்த்தாள். கறுப்பு வட்டங்கள் தயிர்சாதத்தைச் சுற்றி உருண்டன.

"எ... என்னம்மா இதெல்லாம்?"

"காது" என்றாள் ஜமீலா. "இனிமே நாங்க பேசறோம். இதை நீங்க வெச்சுக்குங்க."